டிகிரி முடித்த பிறகு டாக்டர் படிப்பு: நீட், வெளிநாட்டு எம்பிபிஎஸ், பட்டதாரிகளுக்கான நான்காண்டுப் படிப்பு

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் முதலில் கேட்பது ஒரு பட்டத்தை. இந்தியாவில் பட்டத்தைக் கொண்டுபோய் நீட்டினால், அது இருக்கட்டும், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் எங்கே என்பார்கள். பி.எஸ்சி.யில் தங்கப் பதக்கமே வாங்கியிருந்தாலும் எம்பிபிஎஸ் தரவரிசையில் அதனால் அரை மதிப்பெண்கூட ஏறாது. உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவரும், போன மாதம் பிளஸ் டூ எழுதிய பிள்ளையும் ஒரே தேர்வறையில் ஒரே வினாத்தாளைப் பிரிக்க வேண்டியதுதான். நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் ஏற்பாடும் எம்பிபிஎஸ்ஸில் கிடையாது.

இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் கணிசமான பட்டதாரிகள் இந்த யோசனையோடு சுற்றி வருகிறார்கள். 2022க்கு முன்பு பொதுப் பிரிவுக்கு 25 வயது, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 வயது என்று மேல்வரம்பு ஒன்று சொல்லப்பட்டு, அது நீதிமன்ற வழக்கில் இழுபட்டுக்கொண்டிருந்தது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பில்லை. கதவு திறந்துவிட்டது, சரி. எந்தக் கதவு வழியாகப் போவது என்பதில்தான் சிக்கல்.

மூன்று வழிகள் உண்டு. நீட் எழுதி இந்தியாவிலேயே எம்பிபிஎஸ் சேர்வது. நீட்டில் தகுதி மட்டும் பெற்று ஜார்ஜியா, ரஷ்யா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளுக்குப் போவது. பட்டதாரிகளுக்கென்றே பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், அமெரிக்காவில் இருக்கும் நான்காண்டுப் படிப்பில் சேர்வது. பலரும் இந்த மூன்றையும் கட்டணத்தை வைத்து ஒப்பிடுகிறார்கள். நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன்: எந்த ஊரில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறீர்கள்? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மூன்றில் ஒன்றோ இரண்டோ தானாகவே கழன்றுவிடும்.

காரணம் ஒரு விதி. வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்களுக்காக மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிமுறைகள்படி, அந்தப் படிப்பு குறைந்தது 54 மாதம் நடந்திருக்க வேண்டும். நான்காண்டுப் படிப்பு என்றால் 48 மாதம். ஆக, லண்டனிலோ மெல்போர்னிலோ சிங்கப்பூரிலோ நான்கே ஆண்டில் பட்டம் வாங்கியவர் உலகத் தரமான டாக்டராக இருக்கலாம். மதுரையில் கிளினிக் திறக்க அந்தப் பட்டத்தோடு நேராக வந்தால் இந்த விதியில் இடிக்கும். கல்வி ஆலோசனை மையங்களின் வண்ணப் பிரசுரங்களில் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள், கண்ணில் படாது.

ஊரிலேயே டாக்டராக இருக்க வேண்டும் என்றால்

முதலில் தகுதி. நீட் எழுதப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். அறிவியல் பாடங்களில் எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதை அந்த ஆண்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பயோ-மேத்ஸ் குரூப்பில் படித்துவிட்டுப் பொறியியலுக்குப் போனவர்களுக்கு இதில் தொல்லை இல்லை. பிளஸ் டூவில் உயிரியல் படித்து, பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல், வேதியியல் முடித்தவர்களும் அப்படியே.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் பல காலம் வெளியே நின்றது. பதினோராம் வகுப்பில் பதினைந்து வயதில் எடுத்த முடிவு வாழ்நாள் முழுக்கக் கட்டிப்போட்டது. 2023 நவம்பரில் இதுவும் தளர்ந்தது. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலை மட்டும் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட ஒரு வாரியத்தில் எழுதித் தேறினால் போதும் என்று ஆணையம் அறிவித்தது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் ஏப்ரல், அக்டோபர் என்று இரண்டு பருவங்களில் பொதுத்தேர்வு நடத்துகிறது. மென்பொருள் வேலையில் இருந்துகொண்டு டாக்டர் கனவு காண்கிறவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் இதுதான். கோச்சிங் சென்டருக்கு அப்புறம் போகலாம். ஒன்றே ஒன்று: அந்த ஆண்டின் நீட் தகவல் கையேட்டையும், மாநிலக் கலந்தாய்வுக்கான தேர்வுக் குழுவின் கையேட்டையும் இரண்டையும் படியுங்கள். நீட் எழுத விட்டார்கள் என்பதால் கலந்தாய்விலும் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

தேர்வைப் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும். 180 கேள்விகள், 720 மதிப்பெண், சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. 2025 முதல் மூன்று மணி நேரம்தான்; விருப்பக் கேள்விகள் போய்விட்டன. பாதி மதிப்பெண், அதாவது 360, உயிரியலுக்கு. தமிழிலும் எழுதலாம். பட்டதாரிக்கு இதில் ஒரு சாதகம், ஒரு பாதகம். விலங்கியலோ நுண்ணுயிரியலோ படித்தவருக்கு உயிரியல் ஏற்கெனவே பழகிய தெரு. ஆனால் இயற்பியலைத் தொட்டு ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். பொறியியல்காரருக்கு இது அப்படியே தலைகீழ். என் அபிப்பிராயத்தில் பொறியியல்காரரின் நிலை கொஞ்சம் தேவலை. உயிரியல் வாசித்து வாசித்து ஏறக்கூடிய பாடம். இயற்பியல் அப்படி இல்லை. கணக்குப் போடும் கை ஒருமுறை விட்டுப்போனால் திரும்பப் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொரு விஷயம், மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2024ல் 650க்கு மேல் வாங்கியவர்கள் பல்லாயிரம் பேர். முதலில் வந்த முடிவில் 67 பேர் முழு 720 வாங்கியிருந்தார்கள். 2025ல் வினாத்தாள் கடினம், முதலிடமே 686. 650ஐத் தாண்டியவர்கள் நூறு பேர்கூட இல்லை. அதனால் "போன வருஷம் இத்தனை மார்க்குக்கு சீட் கிடைத்தது" என்று யாராவது சொன்னால் எந்த வருஷம், எந்தப் பிரிவு, தரவரிசை எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய கேள்வி: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தீர்களா? ஆம் என்றால் 2020ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உங்களுக்கும் உண்டு. நடுவில் ஒரு டிகிரி முடித்ததால் அந்தத் தகுதி போய்விடாது. இதில் ஆண்டுக்கு நானூறுக்கு மேற்பட்ட எம்பிபிஎஸ் இடங்கள் வருகின்றன. பொதுக் கலந்தாய்வைவிட மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்கிறது. தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இது பொருந்தாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது ஏதோ ஒரு கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில் இருக்கும் பெண்ணுக்கு நான் யோசிக்காமல் சொல்வேன்: வெளிநாடு, கடன், ஏஜென்ட் எதையும் காதில் வாங்காதே அம்மா, நீட்டை ஒருமுறை ஒழுங்காக எழுது.

இந்த ஒதுக்கீடு இல்லாதவர்களுக்குக் கணக்கு கடுமை. தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பதினொன்று 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்டவை. இந்த இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும், மிச்சம் மாநிலத்துக்கு. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் ஆண்டுக்கு நாலு, நாலரை லட்சம். நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போனால் பதின்மூன்று, பதினான்கு லட்சம் என்று தொடங்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேலேதான். படிப்பு முடியும்போது கோடியைத் தாண்டியிருக்கும்.

ஆனால் பட்டதாரியின் உண்மையான செலவு இந்தக் கட்டணம் இல்லை. மாதம் 50,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு பொறியாளர் ஒரு வருஷம் படித்து, அப்புறம் ஐந்தரை ஆண்டு எம்பிபிஎஸ் முடிக்கிறார் என்று வையுங்கள். நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. ஆறரை ஆண்டில் அவர் விட்ட சம்பளம் மட்டும் 39 லட்சம், ஊதிய உயர்வைச் சேர்க்காமலே. பயிற்சி ஆண்டில் கிடைக்கும் உதவித்தொகை இதில் ஒரு மூலையை நிரப்பும், அவ்வளவுதான். அரசுக் கல்லூரியில் கிட்டத்தட்ட இலவசமாகப் படித்தாலும் அவருக்கு இது நாற்பது லட்ச ரூபாய்ப் படிப்பு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கோடியைத் தாண்டும். நேற்றுதான் பி.எஸ்சி. முடித்து, கையில் வேலை இல்லாத 21 வயதுக்காரருக்கு இந்தச் செலவு மிகக் குறைவு. அதனால்தான் ஒரே யோசனையை இரண்டு பேருக்கும் சொல்ல முடியாது.

வயதையும் போட்டுப் பாருங்கள். 22ல் சேர்ந்தால் 28க்குள் எம்பிபிஎஸ். மேல்படிப்பு மூன்று ஆண்டு, நீட் பி.ஜி.க்குத் தயாராகும் காலமும் சேர்த்தால் 32. பயப்பட ஒன்றுமில்லை. 29ல் சேர்ந்தால் மேல்படிப்பு முடிய 40 நெருங்கும். அப்போது எம்பிபிஎஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளத் தயாரா என்று இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். குடும்ப மருத்துவராக ஒரு சிற்றூரில் உட்காருவது நல்ல வாழ்க்கைதான். இதயநோய் நிபுணராக வேண்டும் என்றுதான் இத்தனையும் என்றால், 29 வயதுக்காரர் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கல்யாணப் பேச்சு நடுவில் வரும், அதையும் சேர்த்துத்தான்.

எத்தனை முறை எழுதுவது? விதிப்படி எத்தனை முறையும். நான் இரண்டு என்பேன். முதல் முறை வேலையை விடாமல் எழுதலாம், ஆனால் கடைசி நான்கு மாதம் விடுப்பு எடுத்தாக வேண்டும். நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு. பொங்கல் முடிந்ததும் விடுப்பு தொடங்கினால் சரியாக இருக்கும். ரிப்பீட்டர் பேட்ச்சில் சேர்ந்தால் லட்ச ரூபாய்க்குக் குறையாது. அங்கே பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் உங்களை அண்ணா, அக்கா என்று கூப்பிடுவார்கள். கல்லூரியிலும் அதேதான்: வயதில் ஐந்தாறு வருஷம் சின்னவர்கள் உங்களுக்கு சீனியர். இது சிலரை உள்ளுக்குள் அரிக்கும். சிலர் முதல் மாதத்திலேயே சிரித்துக் கடந்துவிடுவார்கள். நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சேர்ந்த பிறகும் ஒரு வரம்பு உண்டு: முதலாம் ஆண்டுத் தேர்வில் தேற நான்கு வாய்ப்புகள்தான், மொத்தப் படிப்பையும் ஒன்பது ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் முதலாம் ஆண்டில் ஒன்றாக வந்து மோதும். உயிர்வேதியியல் பட்டதாரிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு இலகு. எம்பிபிஎஸ்ஸில் பழைய பட்டம் தரும் ஒரே சலுகை இதுதான்.

ஜார்ஜியா, ரஷ்யா, பிலிப்பைன்ஸ்

இந்த வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பட்டதாரிக்கு நான் பெரும்பாலும் பரிந்துரைக்க மாட்டேன்.

நீட் எழுதாமல் தப்பிக்க முடியாது. வெளிநாட்டில் படித்து இந்தியாவில் பதிவு செய்ய விரும்புகிறவர் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அந்தத் தகுதி மூன்று ஆண்டுக்குச் செல்லும். தகுதி மதிப்பெண் குறைவு என்பதுதான் ஈர்ப்பு: 2025ல் பொதுப் பிரிவுக்கு 144 போதுமாக இருந்தது. செலவு, சாப்பாடு தங்குமிடம் எல்லாம் சேர்த்து நாட்டைப் பொறுத்து 25 முதல் 45 லட்சம் என்று பேசப்படுகிறது. நிர்வாக ஒதுக்கீட்டைவிடக் குறைவு. இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது.

கஷ்டம் அதற்குப் பிறகு. பெரும்பாலும் ஆறு ஆண்டுப் படிப்பு. ஆங்கில வழியில் 54 மாதம், அதே நாட்டில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டுக் குடிமகனைப் போலவே அங்கே மருத்துவம் பார்க்கும் பதிவுரிமை, எல்லாம் பத்து ஆண்டுக்குள் என்று நிபந்தனைகள். பிலிப்பைன்ஸில் முதலில் ஒரு பி.எஸ். பட்டம், அதன்மேல் நான்காண்டு எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) என்ற அமைப்பு வழக்கத்தில் இருந்தது. 54 மாத விதியில் சிக்கியது அதுதான். திரும்பி வந்தால், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தகுதித் தேர்வு. 300 கேள்வியில் 150 எடுக்க வேண்டும். ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை. 2023 டிசம்பரிலும் 2024 ஜூனிலும் எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார். அதைத் தாண்டினாலும் இங்கே ஓராண்டு பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். 22ல் விமானம் ஏறியவர் எல்லாம் ஒழுங்காக நடந்தால் 30ல் பதிவு எண் வாங்குவார். 27ல் ஏறினால் 35.

மொழியும் ஒரு சிக்கல். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளி ஆங்கிலத்தில் வலியைச் சொல்ல மாட்டார். ஜார்ஜிய மொழியோ ரஷ்ய மொழியோ பேசத் தெரியாமல் வார்டில் நின்றால், மருத்துவமனை ஆண்டுகள் வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடும். 2022ல் போர் தொடங்கியதும் உக்ரைனிலிருந்து படிப்பை நடுவில் விட்டு வந்தவர்களும், கொரோனாவால் சீனாவுக்குத் திரும்ப முடியாமல் கணினி வழியே படித்தவர்களும் பட்ட பாட்டை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு நஷ்டம் தாங்கக்கூடியது. 28 வயதுக்காரருக்கு அப்படி இல்லை.

இருந்தும் யாருக்கு இது பொருந்தும்? 22, 23 வயது. குடும்பத்தில் வீட்டை அடகு வைக்காமல் கட்டும் அளவுக்குப் பணம். நீட்டில் இரண்டு முறை எழுதியும் சுயநிதி அரசு ஒதுக்கீட்டுக்குக் கொஞ்சத்தில் தவறியவர். 'கொஞ்சத்தில்' என்பதை அழுத்திப் படியுங்கள். நீட்டில் தகுதி மதிப்பெண்ணை உரசிக்கொண்டு தேறியவர் ஆறு ஆண்டு கழித்து எஃப்எம்ஜிஇ எழுதும்போது திடீரென்று வேறு ஆளாகிவிட மாட்டார்.

பட்டத்துக்கு மதிப்பு இருக்கும் நாடுகள்

பட்டதாரிகளை எதிர்பார்த்தே வடிவமைத்த படிப்பு இந்த நாடுகளில்தான் இருக்கிறது. இங்கே பன்னிரண்டாம் வகுப்பைவிட டிகிரியும் அதன் மதிப்பெண்ணும் முக்கியம். ஆனால் இதைத் தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கிறவருக்கும், அந்தந்த நாட்டிலேயே குடியுரிமையோடு வாழும் தமிழருக்கும் ஒரே வழியாகப் பேசுவது தவறு. இரண்டும் வேறு வேறு.

பிரிட்டனில் பிறந்து வளர்ந்த, இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி உயிர்மருத்துவ அறிவியலில் பட்டம் முடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு முன்னால் இரண்டு வாசல்: பள்ளி முடித்தவர்களோடு சேர்ந்து ஐந்தாண்டுப் படிப்பு, அல்லது பட்டதாரிகளுக்கான நான்காண்டுப் படிப்பு. ஐந்தாண்டுப் படிப்பில் இடங்கள் அதிகம். ஆனால் அது இரண்டாவது பட்டம் என்பதால் இங்கிலாந்தில் கல்விக் கட்டணக் கடன் முதல் நான்கு ஆண்டுக்குக் கிடைக்காது, கைக்காசுதான். நான்காண்டுப் படிப்பில் முதல் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தானே கட்டினால், மீதிக்குக் கடன் உண்டு. இரண்டாம் ஆண்டிலிருந்து அரசுச் சுகாதாரச் சேவையின் உதவித்தொகை ஒரு பங்கை ஏற்கிறது. பணத்துக்கு நான்காண்டு, இடம் கிடைப்பதற்கு ஐந்தாண்டு என்ற இழுபறி அங்கே. யூகாஸ் என்ற பொது விண்ணப்பப் படிவத்தில் மருத்துவத்துக்கு நான்கு கல்லூரிகளைத்தான் எழுதலாம். கடைசி நாள் அக்டோபர் 15. அவள் இடத்தில் இருந்தால் மூன்று நான்காண்டுப் படிப்பும், கடன் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடிகிற தூரத்தில், அதாவது வீட்டிலிருந்தே போய் வரக்கூடிய ஓர் ஐந்தாண்டுப் படிப்பும் எழுதுவேன். சில கல்லூரிகள் யூகேட் என்ற திறனறி நுழைவுத் தேர்வைக் கேட்கும், சில பட்டதாரிகளுக்கான காம்சாட் நுழைவுத் தேர்வை. வாரிக் பல்கலைக்கழக மருத்துவப் படிப்பு முழுக்கப் பட்டதாரிகளுக்கே. எந்தப் பாடத்தில் பட்டம் என்பதும் அங்கே தடையில்லை.

இதே பிரிட்டனுக்குக் கோயம்புத்தூரிலிருந்து விண்ணப்பித்தால் சர்வதேச மாணவர் கட்டணம். நான்காண்டுக்குக் கல்விக் கட்டணமே இரண்டு கோடி ரூபாயை ஒட்டி வரும். இடங்களும் சொற்பம். ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் கதை கிட்டத்தட்ட இதுவே. காம்சாட் தேர்வில் மூன்று பகுதிகள்: இலக்கியமும் சமூகமும் சார்ந்த வாசிப்பு, கட்டுரை எழுதுவது, அறிவியல். நம் ஊர்ப் பொறியியல் பட்டதாரிகள் அறிவியல் பகுதியில் சமாளித்துவிடுவார்கள். ஒரு கவிதையையோ கேலிச்சித்திரத்தையோ கொடுத்து இதில் என்ன தொனி இருக்கிறது என்று கேட்கும் முதல் பகுதிதான் ஆளை விழுத்தும். தினமும் ஆங்கிலத்தில் நல்ல கட்டுரைகள் வாசிக்கும் பழக்கம் இல்லாதவர் மூன்று மாதப் பயிற்சியில் இதை ஏற்ற முடியாது.

அமெரிக்கா இன்னும் தூரம். அங்கே மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வான எம்கேட் 472லிருந்து 528 வரை அளவிடப்படுகிறது. தேர்வு நாளில் ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். அதைவிடப் பெரிய தடை, பல கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பாடங்களைக் கேட்கின்றன. வெளிநாட்டு மாணவரை ஏற்கும் கல்லூரிகளே குறைவு. ஏற்கிறவற்றிலும் சில, பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வைப்பாகக் காட்டச் சொல்கின்றன. அங்கேயே இளநிலைப் பட்டமோ ஆராய்ச்சிப் படிப்போ முடித்தவர் யோசிக்கலாம். இங்கிருந்து நேரடியாக முயல்வதை நான் ஒரு வழியாகவே எண்ணமாட்டேன்.

இந்தப் பட்டியலில் யாரும் அதிகம் பேசாத ஒன்று சிங்கப்பூர். டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி 2005ல் தொடங்கியது. அமெரிக்க முறையில் பட்டதாரிகளை மட்டும் சேர்க்கிறது. எந்தப் பாடத்தில் பட்டம் இருந்தாலும் சரி, எம்கேட்டோ காம்சாட்டோ எழுத வேண்டும். அடிப்படை அறிவியல் முழுவதையும் முதல் ஆண்டிலேயே திணித்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் மருத்துவமனைக்கு அனுப்பி, மூன்றாம் ஆண்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிறார்கள். ஆராய்ச்சியில் ஈடுபாடுள்ள பொறியாளருக்கும் எம்.எஸ்சி. முடித்தவருக்கும் இது மிகவும் பொருந்தும். அரசு மானியத்தோடு படித்தால், முடித்த பிறகு சில ஆண்டு சிங்கப்பூரில் பணியாற்றுவதாக ஒப்பந்தம். அதைப் பலர் சுமையாகப் பார்க்கிறார்கள். அங்கேயே இருக்க நினைப்பவருக்கு அது உறுதியான வேலை. வார்டில் தமிழ் மட்டுமே பேசும் முதியவர்கள் வரும் ஊர் அது என்பதும் ஒரு வசதி. ஆனால் இதுவும் நான்காண்டுதான். 54 மாத விதியை மறந்துவிட்டு, ஐந்தாறு வருஷம் கழித்துத் திருச்சிக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு இதில் சேராதீர்கள்.

மூன்றும் ஒத்துவராவிட்டால்

நீட் மதிப்பெண் எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டாமல், பல் மருத்துவத்துக்கோ சித்த மருத்துவத்துக்கோ எட்டுவது அடிக்கடி நடக்கிறது. டாக்டர் என்ற பெயருக்காக மட்டும் இவற்றில் சேர்வது, ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவருக்கு நல்லதில்லை. சித்த மருத்துவத்தில் உண்மையாகவே நாட்டம் இருந்தால் அது வேறு. அதுவும் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுதான். பிராணிகள்மேல் பிரியம் உள்ளவர்கள் கால்நடை மருத்துவத்தை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான்.

நீட் பாதையில் போகிறவர்கள், புத்தகம் வாங்குவதற்கு முன்பே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தீர்கள் என்பதற்கான சான்றிதழைத் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு கலந்தாய்வில் கேட்பார்கள். டிகிரி முடித்தவருக்குப் பள்ளியை விட்டு நாலைந்து வருஷமாவது ஆகியிருக்கும். தலைமை ஆசிரியர் மாறியிருப்பார், இரண்டு பள்ளிகளில் படித்திருந்தால் இரண்டு இடத்திலும் அலைய வேண்டும், பழைய பதிவேட்டை எடுக்க நாளாகும். கூடவே சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், கடைசியாகப் படித்த கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ். வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை நிறுவனத்தில் கொடுத்து வைத்தவர்கள், அவை எந்த நாளில் கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கலந்தாய்வுக்கு அழைப்பு வந்த பிறகு இவற்றுக்கெல்லாம் அவகாசம் இருக்காது.